வாபஸ் வாங்கியவரின் ஓட்டு யாருக்குச் சொந்தம்? ஆர்.கே.நகர் 2017 பற்றிச் சில குறிப்புகள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ஐ வேறு ஒரு விஷயத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது 55ஏ என்ற எண்ணில் கண் நின்றது. எண் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. நீக்கப்பட்டது என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கள் வேலையில் பழைய கோடை அழிக்க மனசு வராமல் கமென்ட் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் அது முன்னாடி என்ன செய்துகொண்டிருந்தது என்று தோண்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

1956ல் சேர்த்து 1958ல் எடுத்துவிட்ட பிரிவு அது. வாபஸ் தேதி முடிந்து, இறுதிப் பட்டியலும் வந்த பிறகு, வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு வரை ஒரு வேட்பாளர் தேர்தல் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அது வழி செய்தது. அது உயிரோடு இருந்த பொதுத்தேர்தல் 1957 ஒன்றுதான். அந்தக் காலத்துக்கு அது சுலபமும்கூட. 1952, 1957 இரண்டு தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். ஒருத்தர் விலகினால் அவர் பெட்டியை வைக்காமல் விட்டால் வேலை முடிந்தது. 1962 பொதுத்தேர்தலில் எல்லாப் பெயரும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்துவிட்டது. 55ஏ போனதற்கு அச்சடிக்கும் சிக்கலும், கடைசிப் பத்து நாளில் எதிராளியை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்ற பயமும் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இன்றைக்கு இருப்பது 37ஆம் பிரிவு மட்டும். வாபஸ் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. வேட்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சார்பில் முன்மொழிந்தவரோ தேர்தல் ஏஜெண்டோ கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதற்கும் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரம் வேண்டும். கட்சித் தலைமை அறிக்கை விட்டால் வாபஸ் ஆகாது. 2024ல் ராஜஸ்தான் பான்ஸ்வாடாவில் நடந்தது நினைவிருக்கலாம். காங்கிரஸ் கடைசி நேரத்தில் பாரத் ஆதிவாசி கட்சியின் ராஜ்குமார் ரோத்தை ஆதரிப்பதாக அறிவித்தது. காங்கிரஸ் வேட்பாளர் அர்விந்த் டாமோர் வாபஸ் வாங்கவே இல்லை. கை சின்னம் இயந்திரத்தில் அப்படியே இருக்க, எங்கள் கை சின்னத்துக்குப் போடாதீர்கள் என்று காங்கிரஸ்காரர்களே ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். அப்படியும் கைக்கு 61,211 ஓட்டு விழுந்தது. ரோத் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால் அது வெறும் வேடிக்கைச் செய்தியாக முடிந்தது. அந்த 61 ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியாது, எத்தனை பேர் தெரிந்தே போட்டார்கள்? கட்சி சொன்னதும் ஓட்டு நகர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் முன்னுரைதான். எனக்கு உறுத்துவது பக்கத்தில் நடந்தது.

நான் திருவொற்றியூர்க்காரன், ஆர்.கே.நகரில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் தண்டையார்பேட்டையில் சித்தப்பா இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்து ஆள். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு ஏப்ரல் 12, 2017 அன்று நடப்பதாக இருந்த இடைத்தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி ஆர். லோகநாதனை நிறுத்தியது. சித்தப்பா வெயிலில் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாகப் போனார். பணப்பட்டுவாடா புகாரில் ஏப்ரல் 9 ராத்திரி தேர்தலையே ரத்து செய்தார்கள். மறுபடி டிசம்பர் 21 என்று தேதி வந்தபோது மார்க்சிஸ்ட் நிற்கவில்லை, திமுகவின் மருது கணேஷுக்கு ஆதரவு என்று அறிவித்தது. இந்தியக் கம்யூனிஸ்ட், விசிக, மதிமுக எல்லாரும் அதே பக்கம். சட்டப்படி இது வாபஸ் இல்லை, இரண்டாவது சுற்றில் மனுவே போடவில்லை. ஆனால் ஏப்ரலில் லோகநாதனுக்கு என்று முடிவு செய்திருந்த ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சித்தப்பா சொன்னது: “ஏப்ரல்ல போன அதே வூட்டுக்கு டிசம்பர்ல போய் உதயசூரியனுக்குப் போடுங்கன்னு கேக்கணும். கதவத் தொறந்த அம்மா, ‘போன தபா வேற சொன்னியேப்பா’ன்னு கேட்டுச்சு. நான் இன்னாடா சொல்றது?”

கட்சிகள் போட்ட கணக்கு முட்டாள்தனமானது இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். 2016 மே தேர்தலில் அந்தத் தொகுதியில் ஜெயலலிதா 97,218, திமுகவின் சிம்லா முத்துச்சோழன் 57,673. இப்போது அதிமுக இரண்டாக உடைந்து நிற்கிறது. 97,218-ஐ சரிபாதியாக்கினால் தலைக்கு 48,609. திமுக தன் ஓட்டைத் தக்கவைத்து, மேலே மற்ற கட்சிகள் நிற்காததால் வரும் சில ஆயிரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஜெயித்துவிடலாம். 2016ல் மக்கள் நலக் கூட்டணி சார்பில் விசிக நிறுத்திய வசந்தி தேவி வாங்கியது நாலாயிரத்தைச் சுற்றி. சின்ன எண்தான், ஆனால் மும்முனைப் போட்டியில் சின்ன எண்ணுக்கு மதிப்பு உண்டு.

டிசம்பர் 24 அன்று வந்த முடிவு: டி.டி.வி. தினகரன் 89,013, அதிமுகவின் மதுசூதனன் 48,306, மருது கணேஷ் 24,651. மதுசூதனன் வாங்கியது அந்தக் காகிதக் கணக்கின் சரிபாதிக்கு முன்னூறு ஓட்டுதான் குறைவு. எக்ஸெல் போட்டவர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் திமுக தன்னுடைய 57 ஆயிரத்தில் 33,022-ஐத் தொலைத்து டெபாசிட் இழந்தது. ஆறில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 29 ஆயிரம் வேண்டியிருந்தது. நோட்டா 2,373, பாஜக 1,417 என்பதை வைத்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததில் இது சரியாகப் பேசப்படவில்லை.

இருபது ரூபாய் நோட்டு டோக்கன் என்ற குற்றச்சாட்டு இருந்தது, எனக்கும் தெரியும். பணம் எல்லாத் தரப்பிலும் பேசியது என்றுதான் அந்தத் தொகுதியில் சொல்வார்கள். ஆனால் எல்லாவற்றையும் பணத்தில் போட்டுவிட்டு நகர்ந்தால் வேறொன்று விட்டுப்போகும். ஏப்ரலில் ஆளுங்கட்சி அமைச்சர்கள் தொப்பி சின்னத்தில் நின்ற தினகரனுக்காகத் தெருத்தெருவாகக் கேட்டார்கள், மின்கம்பம் சின்னத்தில் நின்ற மதுசூதனன் அவர்களுக்கு எதிரி. டிசம்பரில் அதே அமைச்சர்கள் அதே மதுசூதனனுக்கு இரட்டை இலையில் கேட்டார்கள். எட்டு மாதத்தில் இடதுசாரிகள் லோகநாதனிலிருந்து மருது கணேஷுக்கு, அமைச்சர்கள் தினகரனிடமிருந்து மதுசூதனனுக்கு. வாக்காளரை யாராவது கேட்டார்களா? ‘எங்கள் ஓட்டை மாற்றித் தருகிறோம்’ என்று மேடையில் சொல்கிறார்களே, அந்த ‘எங்கள்’ எங்கிருந்து வருகிறது?

ஒப்பிட்டுப் பார்க்க பிரான்ஸ் 2024. நாடாளுமன்றத் தேர்தல் அங்கே இரண்டு சுற்று. முதல் சுற்றில் மூன்று பேர் தகுதி பெற்ற இடங்களில், மரீன் லெ பென் கட்சியைத் தடுக்க இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் இரண்டாவது சுற்றுக்கு முன்னால் விலகினார்கள். முதல் சுற்றில் முன்னணியில் இருந்த அந்தக் கட்சிக் கூட்டணி கடைசியில் இடங்களில் மூன்றாவதாக வந்தது. அங்கே விலகியவர் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஓட்டு என்று ஊருக்கே தெரியும், ஒரு வாரம் முன்னால்தான் எண்ணியிருந்தார்கள். எண்ணிய பிறகு விட்டுக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் எண்ணுவதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அதனால் விட்டுக்கொடுத்தது இரண்டாயிரமா இருபதாயிரமா என்று கடைசி வரை தெரியாது. தெரியாமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. விட்டவர் பெரிதாகச் சொல்லலாம், வாங்கியவர் சின்னதாகச் சொல்லலாம், மீதி தொகுதிப் பங்கீட்டு மேஜையில்.

மேஜையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2019 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணியில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து நாலு இடம்: மதுரை, கோவை, நாகப்பட்டினம், திருப்பூர். நாலும் ஜெயித்தார்கள். 2021 சட்டமன்றத்தில் தலைக்கு ஆறு தொகுதி. பட்டியலைப் பாருங்கள், கீழ்வேளூர், கந்தர்வகோட்டை, தளி, வால்பாறை என்று போகும். வடசென்னையில் ஒன்றுகூட இல்லை. கட்சிக்கு லாபம், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தது தண்டையார்பேட்டை, வாங்கியது மதுரை. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு இதில் கிடைத்தது என்ன?

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் நேர்மையாக வைக்க வேண்டும். வடசென்னையில் இடதுசாரிகள் ஜெயித்ததே அடுத்தவர் விட்டுக்கொடுத்ததால்தான். பெரம்பூரில் 2006ல் மார்க்சிஸ்ட் கே. மகேந்திரன் ஜெயித்தது திமுக அணியில், 2011ல் அ. சவுந்தரராசன் ஜெயித்தது அதிமுக அணியில். 2016ல் சவுந்தரராசன் மக்கள் நலக் கூட்டணியில் தனியாக நின்றார், தோற்றார். அந்தப் பெரம்பூரில் அதிமுகவின் வெற்றிவேல் ஜெயித்தது வெறும் 519 ஓட்டில். (இந்த வெற்றிவேல்தான் 2015ல் ஜெயலலிதாவுக்காக ஆர்.கே.நகர் எம்எல்ஏ பதவியையே ராஜினாமா செய்தவர். அந்த இடைத்தேர்தலில் பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொள்ள, எதிர்த்து நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் சி. மகேந்திரனுக்கு 9,710.) சவுந்தரராசன் வாங்கியது 519-ஐ விடப் பல மடங்கு. அன்றைக்கு அவர் நிற்காமல் இருந்திருந்தால் என்று திமுகக்காரர்கள் இன்னமும் சொல்லிக்காட்டுவார்கள். 2017 முடிவுக்குப் பின்னால் இந்த 519-இன் வடு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் பெரம்பூர் வேறு, ஆர்.கே.நகர் வேறு. 519 இழுபறியில் விலகுவதற்கு ஒரு கணக்கு உண்டு. 33 ஆயிரம் சரிகிற இடத்தில் நாலாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் நின்றிருக்காது. இது முடிவு வந்த பிறகு சொல்கிற புத்திசாலித்தனம் என்பீர்கள். சரி. என் குறை விலகியதில் இல்லை, விலகிய விதத்தில்தான்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. எங்கள் பக்கத்துக் கரையில் ஜனங்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. ஏப்ரல் தேர்தல் வரும்போது அது இரண்டு மாதக் காயம். கொடுங்கையூர் குப்பைமேடு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், குழாயில் வரும் கலங்கல் தண்ணீர், இவையெல்லாம் சித்தப்பா கையில் இருந்த நோட்டீஸில் இருந்தன. வேட்பாளர் நிற்காமல் போனபோது அந்த நோட்டீஸும் சேர்ந்து போனது. எங்கள் ஆதரவு வேண்டுமென்றால் இந்த மூன்றை உங்கள் வேட்பாளர் மேடையில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம், கேட்டதை ஒரு பக்கத்தில் அச்சடித்துத் தெருவில் கொடுத்திருக்கலாம். சித்தப்பா கதவைத் தட்டும்போது கையில் ஒரு காகிதமாவது இருந்திருக்கும். அந்த அம்மாவுக்குப் பதிலும் இருந்திருக்கும். அவரிடம் இருந்தது மதச்சார்பற்ற சக்திகளின் ஒற்றுமை என்ற ஒரு வாக்கியம். அது தப்பான வாக்கியம் இல்லை, கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது, அவ்வளவுதான்.

சட்டம் இதில் பாதிதான் கவனித்திருக்கிறது. வாபஸ் வாங்கப் பணமோ பொருளோ தருவது 123ஆம் பிரிவின்படி லஞ்சம், வாபஸ் வாங்கிய பிறகு பரிசாகத் தந்தாலும் லஞ்சம்தான். கட்சிக்கு வேறு ஊரில் இரண்டு சீட் என்றால் அது கூட்டணி தர்மம். அதைக் குற்றமாக்கச் சொல்லவில்லை, ஆக்கவும் முடியாது. வெளியே தெரிந்தால் போதும் என்கிறேன்.

வேட்பாளராக மனு போட படிவம் 26 என்று பக்கம் பக்கமாகப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சொத்து, கடன், வழக்கு, மனைவியின் நகை எல்லாம். வாபஸ் வாங்குவது படிவம் 5. ‘என் வேட்புமனுவை வாபஸ் பெறுகிறேன்’ என்று ஒரு வரி, கையெழுத்து, தேதி. ஏன் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 55ஏ-வை மறுபடி உயிர்ப்பிக்க யாரும் வரப்போவதில்லை, இயந்திர காலத்தில் அது நடக்கவும் நடக்காது. படிவம் 5-இல் இரண்டு வரி சேர்க்கலாம்: யாருக்கு ஆதரவு, எந்தக் கோரிக்கையின் பேரில். மனுவே போடாமல் ஒதுங்குகிற கட்சியை இது தொடாது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். “முதல்ல அந்த ரெண்டு வரிய எழுத வைடா, அப்பால பாக்கலாம்” என்றார்.