விசில் ஊதிய பிறகு என்ன?

2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பஹ்ரைனை எதிர்த்து 1-0 என முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்கு முதல் பாதியிலேயே ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து வலைக்குள் போனது. ஆனால் உதைப்பதற்கு முன்பே உஸ்பெக் ஆட்டக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஓடிவந்துவிட்டார். ஜப்பானிய நடுவர் தோஷிமிட்சு யோஷிதா அதைச் சரியாகவே கவனித்தார். கோட்டைவிட்டது அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட நேரத்தில் கோல் விழுந்திருந்தால் பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும் என்பது அன்றைய சட்டம். அவரோ பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. உஸ்பெகிஸ்தான் முறையிட்டது; தனக்கு 3-0 வெற்றி தரும்படி கேட்டது. ஃபிஃபா அதைத் தராமல், முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்தச் சொன்னது. அக்டோபர் 8 அன்று நடந்த மறு ஆட்டம் 1-1. அடுத்து பஹ்ரைனில் 0-0. வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் மேலே போக, முறையிட்ட அணி வீட்டுக்குப் போனது.

நடுவருக்குச் சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை. கால்பந்துச் சட்டங்கள் பதினேழு. அவற்றில் ஐந்தாவது, நடந்ததைப் பற்றி நடுவர் எடுத்த முடிவே இறுதி என்கிறது. பந்து கையில் பட்டதா, கோட்டைத் தாண்டியதா என்பதில் அவர் ஏமாந்தாலும் முடிவு நிற்கும். கண் ஏமாறலாம் என்று ஆட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் நடந்ததைச் சரியாகப் பார்த்துவிட்டு, அதற்குச் சட்டம் சொல்லாத தீர்ப்பைக் கொடுத்தால் ஆட்டமே செல்லாமல் போகலாம். பெரும்பாலும் அந்தத் தவறு ஃபவுலில் நடப்பதில்லை. ஆட்டத்தை மறுபடி எப்படித் தொடங்குவது என்பதில்தான் நடக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரணிப் பக்கம் வருவோம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் எழுவர் போட்டிகளில் விசில் பெரும்பாலும் பி.டி. மாஸ்டர் கையில்தான் இருக்கும். தறியில் உட்காரும் பையன்கள், அரிசி ஆலையில் வேலை செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என எல்லா அணியிலும் அவரிடம் படித்தவர்கள் இருப்பார்கள். இந்த ஏற்பாட்டை நையாண்டி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். இரண்டு தெருப் பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "டேய், விடுடா" என்ற அவருடைய ஒரு குரல் செய்வதை வெளியூரிலிருந்து வரும் சான்றிதழ் பெற்ற நடுவரின் மஞ்சள் அட்டை செய்யாது. யார் வேண்டுமென்றே காலைப் பார்த்து மிதிப்பான், யார் தொடாமலே விழுவான் என்பது அவருக்கு அத்துப்படி. ஃபவுலை அறிவதில் இந்த ஊர் நடுவர்களிடம் எனக்குப் பெரிய குறை இல்லை.

குறை வேறு இடத்தில். அவர் சட்டம் படித்தது உடற்கல்விப் பயிற்சிக் காலத்தில். சட்டம் அங்கேயே உறைந்துவிட்டது. சட்டங்களை வகுக்கும் வாரியம் 1886இல் தொடங்கியது. அது செய்யும் மாற்றங்கள் வழக்கமாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. கிக் ஆஃப் பந்தைப் பின்னால் தட்டலாம் என்று 2016இல் வந்தது. கோல் கிக் பந்து பெட்டியைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் தொடலாம் என்ற விதி 2019இல் போனது. 2025இல், கோல் கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்றாகிவிட்டது.

மைதானத்தில் இதன் விளைவு வேடிக்கையானது. செல்போனில் பிரீமியர் லீக் பார்க்கும் பையன் கோல் கிக்கைப் பெட்டிக்குள்ளேயே தட்டிக்கொடுக்கிறான். சார் விசில் ஊதி மறுபடி அடிக்கச் சொல்கிறார். இன்னொரு ஆட்டத்தில் பந்து நடுவரின் முழங்காலில் பட்டுத் திசைமாறி கோலுக்குள் போனது. "ரெஃப்ரி கோல்போஸ்ட் மாதிரிதான், பட்டா பட்டதுதான்" என்று கோல் கொடுத்தார்கள். பழைய சட்டப்படி சரி. 2019க்குப் பிறகு தவறு: பந்து நடுவர் மேல் பட்டு நேராக கோல் விழுந்தாலோ, எதிரணி கைக்குப் போனாலோ ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டும். தோற்ற அணியில் ஒருவனுக்கு இது தெரிந்திருந்தது. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டான். நடுவர் மேல் உள்ள அந்த மரியாதைதான் இந்த ஏற்பாட்டின் பலம். அவர் தவறைத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் செய்வதும் அதுவே.

அப்படியானால் புத்தகத்தை மனப்பாடம் செய்தவரைக் கொண்டுவந்தால் தீருமா? பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. கால்பந்துச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. கை இயல்புக்கு மாறாக உடலை அகலமாக்கியதா, அட்வான்டேஜ் கொடுத்தால் லாபமா என்று பாதிச் சட்டம் நடுவரின் கணிப்பிடமே விடப்பட்டிருக்கிறது. மீதிப் பாதியில் கணிப்புக்கு இடமில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்காமல் பதினேழையும் ஒரே சீராக ஒப்பிக்கவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சட்டம் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக் அவுட்டில் பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் கோலின்றி கூடுதல் நேரத்துக்குப் போயின. 96ஆவது நிமிடத்தில் கேரள அணி சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதை ஏற்றார். பயிற்சியாளர் இவான் வுகொமனோவிச் தன் அணியை வெளியே கூப்பிட்டுக்கொண்டார், அவர்கள் திரும்பவில்லை. மறு ஆட்டம் கேட்ட மனு தள்ளுபடியானது. கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

ஃப்ரீ கிக்குக்கு விசில் கட்டாயமில்லை. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்பதற்குள் அடிப்பது அடிக்கும் அணியின் உரிமை. ஆனால் நடுவரே தூரம் அளந்து சுவரைத் தள்ளத் தொடங்கிவிட்டால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொன்னதாக சேத்ரி பிறகு விளக்கினார். எதிரணிக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தின் எழுத்தில் நடுவர் பக்கம் நியாயம் இருக்கலாம். களத்தில் இருபத்திரண்டு பேருக்கும் நிலைமை ஒன்றுபோல் தெரியவில்லை என்பதை மறுக்க முடியாது. விசிலை உயர்த்திக் காட்டி "விசிலுக்குப் பிறகு" என்று சைகை செய்ய ஒரு விநாடி போதும். வேகமாக அடிக்க விடுவதென்றால், விலகி நின்று அதையும் தெரியும்படி காட்டலாம். தனக்குத் தெரிந்ததை ஆட்டக்காரர்களுக்கும் தெரியவைப்பது நடுவரின் வேலையில் சேராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இன்னொன்று. 2024 மாற்றத்தின்படி, பெனால்டியின்போது முன்கூட்டியே பெட்டிக்குள் ஓடிவருவது ஆட்டத்தைப் பாதித்தால் மட்டுமே குற்றம். தாஷ்கண்ட் சம்பவம் இன்று நடந்தால் அந்த கோல் அப்படியே நின்றிருக்கவும் கூடும்.

ஆரணிக்கு ஃபிஃபா நடுவரைக் கேட்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ரூபாதேவி ஃபிஃபா நடுவரானார் என்பதால் அதுவும் நடக்காத காரியமில்லை. இப்போதைக்குச் செய்யக்கூடியது சின்னது. போட்டி நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், கோப்பை உபயதாரர்களின் பெயர்கள், அவர்களின் கடை முகவரி எல்லாம் அச்சாகின்றன. கீழே நான்கு வரி ஒதுக்கலாம்: கோல் கிக் எப்படி, பந்து நடுவர் மேல் பட்டால் என்ன, எந்த ஃப்ரீ கிக்குக்கு விசில் வரை காத்திருக்க வேண்டும், இந்தப் போட்டியில் ஆஃப் சைடு உண்டா இல்லையா. பி.டி. மாஸ்டரும் அதைப் படிப்பார்.