விமானம் எங்கே போகிறது?

விமான நிலையத்துக்கு ஜனங்கள் கும்பலாகப் போவது இரண்டு காரியங்களுக்காக. வரவேற்க, அல்லது வழியனுப்ப. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று 2025 நவம்பர் 30-ம் தேதி தெரிந்தது. திட்ட!

அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்றொரு சிறிய ஊர். (இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு இல்லை. எங்களுக்கும் ஒரு பல்கலைக்கழகம் வரட்டும் என்று ஆசைப்பட்டு அந்தப் பெயரை வைத்துக்கொண்ட ஊர். ஆசைப்பட்டபடி வந்தும்விட்டது.) அங்கே விமான நிலைய வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. விரல்களை உயர்த்திக் காட்டினார்கள். எந்த விரல் என்று சொல்ல வேண்டாம்தானே? விமானம் ஏறப்போனவர் லேன் கிஃபின். உள்ளூர் மிஸிஸிப்பி பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். செல்லப் பெயர் 'ஓல் மிஸ்'. இரண்டு நாள் முன்புதான் பரம வைரியான பக்கத்துப் பல்கலைக்கழகத்தை ஜெயித்துக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று வெற்றி. தேசிய சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ப்ளே ஆஃபில் இடம் கிட்டத்தட்ட கைக்குள். அந்த நேரம் பார்த்து மனுஷன் லூயிஸியானாவின் எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிவிட்டார். ஏழு வருடம், சுமார் 9.1 கோடி டாலர்.

ப்ளே ஆஃப் முடியும்வரை இருந்து பயிற்சி கொடுக்கிறேனே என்று கேட்டுப் பார்த்தார். வேண்டாம் சாமி, நடையைக் கட்டு என்றது ஓல் மிஸ்.

கல்லூரி ஃபுட்பால் என்றதும் மாலையில் ஹாஸ்டல் பையன்கள் உதைத்து விளையாடும் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு ஆளை ஆள் முட்டிச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பால். மிஷிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். ஆகவே அவர் இருப்பாரா, போவாரா, விரட்டப்படுவாரா என்பது ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே ஊர்ப் பேச்சு. டீக்கடை மாதிரி ரேடியோ. பால் ஃபைன்பாம் என்பவர் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து இந்தப் பேச்சை மட்டுமே வைத்து வருடக்கணக்கில் நிகழ்ச்சி நடத்திப் பெரிய ஆளானார்.

இந்த வதந்திகளை ஒரு கதை வகையாக எடுத்துக்கொண்டு விமரிசிக்கலாம் என்று தோன்றுகிறது. துப்பறியும் நாவலுக்கு ஒரு பிணம் கட்டாயம் என்பது போல இதற்கும் கட்டாயங்கள் உண்டு. முதல் பாத்திரம், ஒரு குட்டி ஜெட் விமானம். அதன் வால் எண்ணை வைத்து எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது என்று வீட்டிலிருந்தே கண்காணிக்கலாம். கண்காணிக்கிறார்கள். அப்புறம் கோச்சின் மனைவி வேறு ஊரில் வீடு பார்த்ததாகச் சொல்லும் ஒரு புரோக்கரின் மைத்துனர். பிறகு மறுப்பு அறிக்கை. மறுப்பு இல்லாமல் கதை சூடு பிடிப்பதில்லை.

மறுப்பின் இலக்கணம் தனி. 'என் கவனமெல்லாம் இந்த அணி மேல்தான்' என்றால் பேச்சுவார்த்தை நடக்கிறது. 'யாரும் என்னிடம் பேசவில்லை' என்றால் ஏஜெண்டிடம் பேசியிருக்கிறார்கள். சத்தியமே செய்தால் பெட்டி கட்டியாகிவிட்டது. கேலிக்குச் சொல்லவில்லை. 1998-ல் இதே ஓல் மிஸ் அணியின் கோச்சாக இருந்த டாமி டபர்வில், என்னை இங்கிருந்து சவப்பெட்டியில்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்கிற ரீதியில் பேசினார். சில நாளில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ட்டார். நடந்தேதான். 2006 டிசம்பரில் மியாமி டால்ஃபின்ஸ் அணியில் இருந்த நிக் சேபன், அலபாமாவுக்கு நான் கோச்சாகப் போகப்போவதில்லை என்று பத்திரிகையாளர்களிடம் தீர்மானமாகச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2007 ஜனவரி 3 அன்று டஸ்கலூஸா விமான நிலையத்தில் இறங்கினார். நூற்றுக்கணக்கானவர்கள் ஆர்ப்பரித்தார்கள். பொய் சொன்னவர் என்று மியாமியில் எழுதினார்கள். அலபாமாவில் அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பதினேழு வருடத்தில் ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

இந்த வகையின் காவியம் என்றால் அது ஆபர்ன், 2003. டபர்வில்தான் கோச். சீசன் சுமார். அலபாமாவோடு மோத இரண்டு நாள் இருக்கிறது. நவம்பர் 20 அன்று பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டுத்துறை இயக்குநர், அறங்காவலர்கள் இரண்டு பேர் ஒரு ஜெட்டில் ஏறி கென்டகிப் பக்கம் பறந்தார்கள். லூயிவில் அணியின் கோச் பாபி பெட்ரினோவை ரகசியமாகச் சந்தித்து, எங்களிடம் வருகிறீர்களா என்று கேட்க. பெட்ரினோ யார்? முந்தைய வருடம் இதே டபர்விலிடம் உதவிக் கோச்சாக வேலை பார்த்தவர். லூயிவில்லிடம் அனுமதி கேட்கவில்லை. டபர்விலுக்குத் தெரியாது. விமானம் பறந்த பதிவுகள் மட்டும் இருந்தன. பத்திரிகைகள் தோண்டின, பெட்ரினோ முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இதற்கு நடுவில் டபர்வில் அலபாமாவை ஜெயித்துத் தொலைத்தார். 28-23. ரசிகர்கள் அவர் பக்கம் சாய, 2004 ஜனவரியில் வேலையை விட்டது பல்கலைக்கழகத் தலைவர்! துரத்தப்பட இருந்த கோச் அந்த வருடம் ஆடிய பதின்மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார். (பிற்பாடு அலபாமாவின் செனட்டராகவும் ஆனார். சத்தியம் செய்யும் பழக்கம் அங்கும் உபயோகப்பட்டிருக்கும்.)

ஆக, ரசிகர்களை வெட்டிப் பேச்சுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையைப் பொத்திவைப்பவர்கள் மேலே. விமானத்தின் வால் எண்ணைப் பார்ப்பவர்கள் கீழே. இந்த இருவரில் யோக்கியமான வேலை செய்வது யார் என்று கேட்டால், கீழே இருப்பவர்கள்தான். என் புகார் வேறு. அவர்கள் தப்பான காகிதத்தைப் படிக்கிறார்கள்.

பி.காம். படித்த தோஷம், எனக்கு ஆட்டத்தைவிட ஒப்பந்தம் ருசிக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அதில் 'பை-அவுட்' என்று ஒரு ஷரத்து. கோச்சை நடுவில் அனுப்பினால் பல்கலைக்கழகம் எவ்வளவு தரவேண்டும், அவராகப் போனால் எவ்வளவு கட்டவேண்டும். முன்னது மலை மாதிரி இருக்கும், பின்னது மடு. இதைப் படித்தால் விமானத்தைத் துரத்தவே வேண்டாம்.

இந்த மலை எப்படி வளர்கிறது? வதந்தியைத் தின்று. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கதையைப் பாருங்கள். 2017 டிசம்பரில் ஜிம்போ ஃபிஷரைப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர் என்று அழைத்து வந்தார்கள். அழைத்து வந்த இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட், 2019-ல் எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். போதாதா? ஃபிஷரையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வார் என்று பேச ஆரம்பித்தார்கள். 2021-ல் ஏ அண்ட் எம் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, சம்பளத்தையும் ஏற்றியது. முழுத் தொகைக்கும் உத்தரவாதம். 2023 நவம்பரில் அவரை அனுப்பியபோது தரவேண்டியிருந்தது 7.6 கோடி டாலருக்கும் மேல். அறுபது நாளில் 1.9 கோடி, மிச்சம் வருடா வருடம். வேறு வேலையில் சேர்ந்தாலும் ஒரு பைசா குறையாது. சும்மா இருப்பதற்குச் சம்பளம்!

வுட்வர்ட் எல்.எஸ்.யு.வில் என்ன செய்தார்? 2021 நவம்பரில் நோட்ர டேமிலிருந்து பிரையன் கெல்லியைக் கொண்டுவந்தார். பத்து வருடம், 9.5 கோடி. நாலாவது வருடம், 2025 அக்டோபரில், சொந்த மைதானத்தில் ஏ அண்ட் எம்மிடம் செமத்தியாகத் தோற்ற மறுநாள் கெல்லி அவுட். பை-அவுட் சுமார் 5.4 கோடி. லூயிஸியானா கவர்னரே நிருபர்களிடம் இந்த ஒப்பந்தங்களைக் கிழித்தார். அடுத்த நாள் வுட்வர்டும் அவுட். அப்பாடா, பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒரு மாதத்தில் கிஃபினுக்கு 9.1 கோடி!

சேபன், ஃபிஷர், கிஃபின் மூன்று பேருக்கும் ஒரே ஏஜெண்ட். பெயர் ஜிம்மி செக்ஸ்டன். 2013-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் சேபனைத் தூக்கப் பார்க்கிறது என்று சீசன் முழுக்கப் பேசினார்கள். டிசம்பரில் அலபாமா புது ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்கியது. அடுத்த வருடம் கையெழுத்தானபோது ஆண்டுக்கு 69 லட்சம் டாலர். 2022 நவம்பரில் கிஃபின் ஆபர்னுக்குப் போகிறார் என்று டி.வி.யிலேயே சொன்னார்கள். போகவில்லை. சம்பளம் ஏறிய புது ஒப்பந்தம் வந்தது. ஒன்பதில் எட்டு ஜெயித்திருந்த அணி மட்டும், மிச்சமிருந்த நாலு ஆட்டத்தையும் தோற்றது. வதந்தி ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோச் எங்கே என்று பையன்களே யோசித்துக்கொண்டிருந்தால் பந்து கையில் நிற்குமா?

ரசிகன் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்துக் கட்டும் ஒவ்வொரு யூகமும் ஏஜெண்டுக்குச் செலவில்லாத விளம்பரம். 'பார்த்தீர்களா, ஊரே பேசுகிறது' என்று சொல்ல அவருக்கு ஒரு ஊர் தேவை. உயர்ந்த சம்பளம் திரும்பவும் யார் தலையில் விழுகிறது? டிக்கெட் வாங்குகிறவன் தலையில், நன்கொடை தருகிறவன் தலையில். தன் காசை வாங்கத் தானே தண்டோரா போடுகிறான்.

சரி, அது அவன் காசு. இந்தப் பேச்சில் கணக்கிலேயே வராத ஒரு ஆள் இருக்கிறான். பதினேழு, பதினெட்டு வயசுப் பையன்.

கோச் அவன் வீட்டுக்கு வருவார். சோபாவில் உட்கார்ந்து அம்மா சமைத்ததைச் சாப்பிடுவார். உங்க பையனை நான் பார்த்துக்கறேம்மா என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் பையன் நாலு வருஷத்தை எழுதித்தருகிறான். பல்கலைக்கழகத்தை நம்பித்தான் சேரவேண்டும் என்று பெரியவர்கள் உபதேசம் செய்வார்கள். சோபாவில் வந்து உட்கார்ந்தது பல்கலைக்கழகமா? 2021 வரை விதி என்ன தெரியுமா? கோச் ராத்திரியோடு ராத்திரியாக வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுநாளே வேலையை ஆரம்பிக்கலாம். அவரை நம்பி வந்த பையன் இன்னொரு கல்லூரிக்கு மாறினால், பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்காரவேண்டும். கோச்சுக்குக் கோடிகள். பையனுக்கு ஸ்காலர்ஷிப், சாப்பாடு, அப்புறம் பெஞ்சு.

அந்த விதி 2021-ல் போயிற்று. விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அதே வருடம் அனுமதி கிடைத்தது. 2025-லிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். உடனே ஒரு புலம்பல் கேட்டதே பார்க்கணும்! பையன்களுக்கு விசுவாசம் இல்லை, காசு பார்த்துத் தாவுகிறார்கள், விளையாட்டு கெட்டுப்போச்சு. சில கோச்சுகளே இதைச் சொன்னார்கள். சிரிக்காமல் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் ஆச்சரியம். பாபி பெட்ரினோவை மறுபடி கூப்பிடலாம். 2006-ல் லூயிவில்லில் பத்து வருட ஒப்பந்தம் போட்டார். ஆறு மாதத்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ். பதின்மூன்று ஆட்டம் முடிந்ததும் அர்க்கன்ஸா. ஃபால்கன்ஸ் வீரர்களுக்கு விடைபெறும் கடிதம் லாக்கரில் கிடந்தது. சில வரிகள். 2014-ல் லூயிவில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2012-ல் வெளியே அனுப்பிய அர்க்கன்ஸாவும் பிற்பாடு அழைத்து, 2025-ல் இடைக்காலத் தலைமைக் கோச் ஆக்கியது. இவரைப் பற்றி வதந்தி கிளப்பவே வேண்டாம். காலண்டர் போதும்.

கிஃபின் ஏன் ப்ளே ஆஃப் வரை பொறுக்கவில்லை என்று கேட்டார்கள். பையன்கள் கையெழுத்துப் போடும் நாட்கள் டிசம்பர் 3-ம் தேதி ஆரம்பித்தன. நவம்பர் 30-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். எல்.எஸ்.யு. அவருக்காக ஜனவரிவரை காத்திருந்தால் அடுத்த வருடத்துக்கான பையன்களை வேறு யாராவது கொத்திக்கொண்டு போயிருப்பார்கள். அட்டவணை அப்படி. சீசன் உச்சத்தில் இருக்கும்போதே ஆள்பிடிக்கும் சந்தையையும் திறந்துவைத்துவிட்டு, விசுவாசம் எங்கே என்று தேடுகிறார்கள்.

கிஃபின் செய்தது புதுசும் இல்லை. 2010 ஜனவரியில் ஒரே சீசனில் டென்னஸியை விட்டு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார். மாணவர்கள் தெருவில் இறங்கி மெத்தையைக் கொளுத்தினார்கள். 2019 டிசம்பரில் ஃப்ளோரிடா அட்லாண்டிக் அணியை லீக் சாம்பியன் ஆக்கிய கையோடு, ஒரு ஆட்டம் பாக்கியிருக்க, விட்டுவிட்டு வந்தார். எங்கே வந்தார்? ஓல் மிஸ்ஸுக்கு. அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவரும் விரலைக் காட்டவில்லை. கைதட்டினார்கள்.

அவர் போன பிறகு உதவிக் கோச் பீட் கோல்டிங்கைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பையன்கள் டுலேனை ஜெயித்தார்கள், புத்தாண்டு அன்று ஜார்ஜியாவையும் ஜெயித்தார்கள், அரையிறுதியில் மியாமியிடம் போராடித் தோற்றார்கள். நவம்பர் 30 அன்று கிளம்பிய விமானம்? ஆக்ஸ்ஃபோர்டில் ஏறும்போது வசவு, பேட்டன் ரூஜில் இறங்கும்போது ஆரவாரம். பறந்த நேரம் ஒரு சினிமாவுக்குக்கூடப் போதாது.