தேரியில் நீரைத் தேடுங்கள்

சாத்தான்குளத்துக்கு வெளியூர்ச் சொந்தபந்தம் வந்தால் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் கூட்டிப்போகிறோம். வழியில் கிடக்கும் செம்மணல் காடான தேரியைப் பேருந்து ஜன்னலோடு விட்டுவிடுகிறோம். சினிமாவில் பாலைவனமாகக் காட்டிக் காட்டி, அங்கே செம்மணலைத் தவிர ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஊறிவிட்டது. பனை, கொல்லாமரம், உடைமரம், சுனை, ஏரி எல்லாம் உள்ள காடு அது. அதை ரசிக்க எளிய வழி ஒன்று உண்டு: விழுந்த மழை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே நடப்பது.

எப்போது போகலாம்?

மார்கழி தொடங்கி மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மணல் காலடியில் கெட்டியாக இருக்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். வெள்ளெனக் கிளம்புங்கள், பத்து மணிக்குமேல் மணல் சுடும்.

மேட்டில் தொடங்குங்கள்

சாத்தான்குளத்துக்கு வடகிழக்கே, நாசரேத், மெஞ்ஞானபுரம், காயாமொழிப் பக்கம் விரிந்திருப்பது குதிரைமொழித் தேரி. ஒரு கை மணலை அள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. மேற்பரப்பில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால், காற்று பிரித்துப் போட்ட இல்மனைட் அது. காலை வெயில் சாய்வாக விழும்போது மயில் நடந்த தடமும் குழியானை தோண்டிய குழியும் துல்லியமாகத் தெரியும்.

இந்த மேட்டில் பெய்கிற மழையைப் பெரும்பாலும் மணலே குடித்துவிடுகிறது. மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அதற்குச் சாட்சி மரங்கள்.

மரங்களைப் படியுங்கள்

காற்று மணலைக் குவித்த இடத்தில் பனை இடுப்பளவு புதைந்து நிற்கும். பறித்த இடத்தில் வேர்க்கற்றை வெளியே தெரியும். இரண்டையும் பார்த்தால் மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரத்தின் அடியில் சற்று உட்காருங்கள். கொல்லாமரம் கிளைகளைத் தரையோடு படரவிட்டு மணலை அமுக்கிப் பிடித்திருக்கும். பங்குனி, சித்திரையில் போனால் கொல்லாம்பழ வாசமும் பனையேறிகள் இறக்கிய பதநீரும் கிடைக்கும்.

பள்ளத்துக்கு இறங்குங்கள்

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் மணலின் வெக்கை சட்டென்று அடங்கிவிடும். செம்மண் காட்டுக்கு நடுவே அடர்ந்த மரங்கள், அவற்றின் நிழலில் நன்னீர்ச் சுனை. மேட்டு மணல் குடித்த மழைதான் தேரியின் மடியில் இப்படி ஊறுகிறது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வருகிற கூட்டத்தில் இந்த இடத்தைப் பார்க்க முடியாது. சாதாரண நாளில் வந்து, கும்பிட்டுவிட்டு, மரங்களின் கீழே மெதுவாகச் சுற்றிவாருங்கள்.

தருவையில் முடியுங்கள்

தேரிக் காட்டின் தாழ்வான இடங்களில் நீர் தேங்கும் ஏரிகளே தருவைகள். சாத்தான்குளம் வட்டாரத்தில் வைரவன் தருவையும் புத்தன் தருவையும் நிரம்பும் ஆண்டுகளில் கொக்கும் நாரையும் வாத்தும் வந்து இறங்கும். கரையில் நின்று பாருங்கள். இறங்கி விரட்ட வேண்டாம். இந்தப் பக்கத்து நீரைச் சுமக்கும் கருமேனியாறு மணப்பாட்டில் கடலைச் சேர்கிறது.

தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் ஜாய்னரும் ஆல்சினும் 1956-இல் எழுதிய ஆய்வில் புத்தன் தருவையும் மெஞ்ஞானபுரமும் உண்டு. கல்லைச் சீவிக் கருவி செய்த மனிதர்களும் இந்த மணல்மேடுகளில்தான் நடமாடியிருக்கிறார்கள். அப்படியொரு கல் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு வரலாறு.

போகும்முன்

குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்டுவிட்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்; பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோடையில் பீடி நெருப்புகூட ஆபத்து.

கட்டாயம் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். முதலில் மேட்டு மணல், அப்புறம் சுனை என்ற வரிசையை மாற்றாதீர்கள். தேரி மணலைப் பிடித்து நிற்கும் பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனால் எல்லாப் பனைக்கும் காவல் போட முடியாது. மழை விழுந்த மணலையும் அது ஊறிவந்த சுனையையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு, பனையை வெட்டினாலும் மணலை அள்ளினாலும் கை வைப்பது நம் குடிதண்ணீரில் என்பது புரிந்துவிடும். அப்படிப் புரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தால் தேரி பிழைக்கும்.