புண் எந்தப் பக்கம்: முகமது அலியின் ஐந்து தோல்விகள்

ஓசூரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. 1965 மே 25. சன்னி லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். முகமது அலி மடக்கிய கையோடு அவருக்கு மேலே நின்று கத்துகிறார். உலகம் முழுக்க ஜிம் சுவர்களில் இதே படம்தான். நான் உடம்பை வளர்க்க அங்கே போகிறவனில்லை. தளியிலிருந்து வேலைக்கு வந்துபோகும் நண்பர் ஒருவர் ஷிப்டு முடிந்து அங்கே வருவார். அவரோடு ஊர் திரும்பக் காத்திருப்பேன். பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். வலதுகை ஆள்காட்டி விரல் முழுவதும் இல்லை. ஒருநாள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இவரு மொத்தம் எத்தன வாட்டி தோத்திருக்காரு?" அஞ்சு என்றேன். "அஞ்சுதானா? அப்புறம் ஏன் கை அப்படி ஆடுச்சு?" 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அலி தீபம் ஏற்றிய காட்சியைப் போனில் பார்த்திருக்கிறார்.

அன்று எதையோ சொல்லி மழுப்பினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் பட்ட கடன்.

ஒரு குத்துச்சண்டைக்காரனின் வாழ்க்கை ஒரு தாளில் அடங்கிவிடும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. அலியின் தாள்: 61 சண்டை, 56 வெற்றி (37 நாக்-அவுட்), 5 தோல்வி. இதையும் ஒரு பிரதியாகவே வாசிப்போம். வெற்றி/தோல்வி என்ற இருமை எதிர்வுதான் இதன் இலக்கணம். ஐந்து தோல்விக்கும் ஒரே எடை, ஒரே எழுத்து. இந்தச் சமத்துவம்தான் இப்பிரதியின் ஆகப் பெரிய புனைவு.

முதல் தோல்வி, 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பதினைந்தாவது சுற்றில் ஜோ ஃப்ரேசியரின் இடதுகைக் குத்தில் அலி தரையில் விழுந்தார். எழுந்து நின்று முடித்தார். ஆனால் அந்த மேடைக்கு அவர் வந்தது ஒரு தண்டனைக் கைதியாக, மேல்முறையீட்டில் வெளியே இருந்தவராக. வியட்நாம் போருக்குப் படையில் சேர 1967 ஏப்ரல் 28 அன்று மறுத்ததற்காகப் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, 25 வயதிலிருந்து 28 வரை, மூன்றரை ஆண்டுகள் அவர் சண்டையிட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது 1971 ஜூன் 28இல்தான், இந்தத் தோல்விக்குப் பிறகு. அலி தோற்றது ஃப்ரேசியரிடம் அல்ல, அரசிடம்தான் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். அது ஃப்ரேசியருக்குச் செய்யும் அநியாயம். அன்றிரவு அவர் சரியாகவே வென்றார். சங்கதி என்னவென்றால், அந்த மூன்றரை ஆண்டுகளை எழுதத் தாளில் பத்தியே கிடையாது.

அடுத்த இரண்டையும் சீக்கிரம் கடந்துவிடலாம். 1973 மார்ச் 31இல் கென் நார்ட்டனிடம், தாடை உடைந்த நிலையில் 12 சுற்றும் நின்று; 1978 பிப்ரவரி 15இல் லியோன் ஸ்பிங்க்ஸிடம், அதுவரை ஏழே தொழில்முறைச் சண்டை போட்டிருந்த பையனிடம். இரண்டையும் அந்தந்த ஆண்டு செப்டம்பரிலேயே திருப்பிக் கொடுத்தார். இவை விளையாட்டுக்குள் நிகழ்ந்த தோல்விகள், விளையாட்டுக்குள்ளேயே தீர்ந்தன.

நான்காவது வேறு சாதி. 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ், லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளியாக அடிவாங்கச் சம்பளம் பெற்றவர் ஹோம்ஸ். சண்டைக்கு முன் ஜூலையில் அலியை மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது விரல் சற்றுத் தவறியது என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. இருந்தும் நெவாடா ஆணையம் உரிமம் கொடுத்தது. எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை வேறு. மேடையில் நின்றது ஒரு வற்றிய உடல். மூன்று நடுவர்களும் ஒரு சுற்றைக்கூட அலிக்குத் தரவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஹோம்ஸே நடுவரைப் பார்க்கிறார், நிறுத்துங்களேன் என்பதுபோல. பத்தாவது சுற்று முடிந்து ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். கூலி? பேசியது 80 லட்சம் டாலர். ஏற்பாட்டாளர் டான் கிங் ஏறத்தாழ 12 லட்சம் குறைத்தே கொடுத்தார். அலி வழக்குப் போட்டார். பிறகு கையில் ரொக்கமாக 50,000 டாலரை வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுவிட்டார்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது பணத்தை அல்ல. "ஃபிட்னஸ் சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா?" என்றார். அவ்வளவுதான். உடல் தகுதியாக இருக்கிறது என்று எழுதித் தரும் தாளுக்கும் உடலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஐந்தாவது, 1981 டிசம்பர் 11, பஹாமாஸின் நசாவில், ட்ரெவர் பெர்பிக்கிடம். நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. ரிங்குக்கு மணிகூட இல்லாமல் மாட்டு மணியை அடித்துச் சுற்றுகளைத் தொடங்கினார்கள்.

ஆக ஐந்து. நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. 1984இல் பார்க்கின்சன் அறிகுறிகள் கண்டறியப்பட்டன. 2016 ஜூன் 3இல் இறக்கும்வரை 32 ஆண்டுகள். அதற்குக் குத்துகள் எவ்வளவு பொறுப்பு என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் குத்துகளைத் தேடினால் அவை அதிகம் கிடைப்பது தோல்விப் பத்தியில் அல்ல. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்க விட்டது, வெற்றி. 1975 அக்டோபர் 1, மணிலாவில் ஃப்ரேசியரோடு பதினான்கு சுற்று — சாவுக்கு மிக அருகில் போனதாக அலியே சொன்ன அந்தக் காலை, வெற்றி. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் குத்துகளைப் பதினைந்து சுற்று வாங்கியது, வெற்றி. அதற்குப் பிறகுதான் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி என்னால் ஆகாது என்று விலகிப்போனார். நாம் தோல்வி என்று தேடுவது 56க்குள் ஒளிந்திருக்கிறது. 5 என்ற எண் அதை மறைக்கும் திரை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே வெண்ணிப் போர் நினைவுக்கு வராமல் இருக்காது. கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்றவனின் முகத்துக்கு நேராகவே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார் (புறநானூறு 66). வென்றவனைப் பாடிப் பரிசில் பெறும் மரபுக்குள்ளிருந்து எழுந்த இந்தக் குரலை நம் வீரயுகப் பெருமிதக்காரர்கள் மேடையில் சொல்வதேயில்லை. ஆனால் அதைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடவும் முடியவில்லை. ஏனெனில் அங்கும் புண்ணுக்கு ஒரு பக்கம் தேவைப்படுகிறது. முன்னே பட்டால் புகழ், பின்னே பட்டால் நாணம். புண் என்பது பிறர் வாசிக்கும் குறி. தோற்றவனும் அந்தக் குறியை ஏற்றுக்கொண்டு உயிரைவிட்டால்தான் நல்லவன் ஆகிறான். உள்ளே, மண்டையோட்டுக்குள் பட்ட புண்ணுக்கு எந்தப் பக்கம்? முன்னுமில்லை, புறமுமில்லை. வடக்கிருக்கவும் வழியில்லை; 32 ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வாழவேண்டும். நம் வீரத்தின் மொழியில் இதற்குச் சொல் இல்லை. இருப்பது தொழிலின் மொழியில். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 நட்டம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. கொடூரமான கணக்குதான். என்றாலும் போனது வீரமல்ல, உறுப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. சண்டைத் தாளில் அந்த ஒப்புதல்கூட இல்லை.

அலி சென்னைக்கு வந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1980இன் தொடக்கம், ஹோம்ஸ் சண்டைக்குச் சில மாதம் முன்பு. நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த ஊர். திரையில் தோற்பதே அபூர்வமான எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். ஊரே திரண்டு பார்த்தது, சிரித்தது, இன்றைக்கும் பெரியவர்கள் சந்தோஷமாகத்தான் சொல்கிறார்கள். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ்: அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், நீண்டகாலப் பயிற்சிக் கூட்டாளி, 1968இலிருந்து 1970வரை உலகப் பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர், 1971இல் அலியிடமே தோற்றவர், கண்ணில் பட்ட காயத்தால் 1975இல் ஓய்வு பெற்றவர். 2014இல் இறந்தபோது நினைவுத் திறன் பாதிக்கப்பட்டிருந்தது. எல்லிஸின் தாள்: 40 வெற்றி, 12 தோல்வி, ஒரு சமம். காட்சிச் சண்டை என்பதால் சென்னையில் அன்று வாங்கிய குத்துகள் இருவர் தாளிலும் இல்லை.

நண்பருக்கு 1971இன் படத்தை அனுப்பினேன்: அலி மல்லாந்து விழுகிறார், காலணியின் சிவப்புக் குஞ்சங்கள் காற்றில். ஜிம்மில் இதை ஒட்டலாமா என்று கேட்டுப் பார்த்தாராம். யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை, டேப்பும் எடுத்துத் தரவில்லை.