பேறும் உரிமையும்

பிள்ளை பெறுதலைத் தமிழர் ‘பேறு’ என்றே வழங்கி வந்துள்ளனர். பெறுதல் என்னும் செயலோடு செல்வம், நற்பயன் என்னும் பொருள்களும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை மக்கட்பேறு என்கிறோம். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டொன்று தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரிய கடமைகளை வகுத்துரைக்குமிடத்து, மகனைப் பெற்றுத் தருதலைத் தாயின் கடமையாக முதற்கண் வைக்கிறது. பேறு என்றும் கடமை என்றும் இவ்வாறு போற்றப்பட்ட ஒன்றில், பெறுகின்றவளின் விருப்பம் யாது என்னும் வினா நம் எழுத்தில் எங்கே எழுந்தது? இதனை ஆராய இரண்டு நூல்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, பெரியார் ஈ.வெ.ரா.வின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலிலுள்ள ‘கர்ப்பத்தடை’ என்னும் கட்டுரை. மற்றொன்று, பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ என்னும் நாவல்.

பெரியார் எழுதிய காலத்தில் கர்ப்பத்தடை பற்றிப் பேசியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். 1920களின் இறுதியில் சென்னையில் நவ மால்தூசியர் சங்கம் தோன்றி, மக்கட்பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்னும் கொள்கையைப் பரப்பியது. 1935 டிசம்பரில் அமெரிக்கப் பெண்மணியார் மார்கரெட் சாங்கர் வார்தா சென்று காந்தியடிகளோடு உரையாடினார். செயற்கை முறைகளை ஏற்க மறுத்த அடிகள், புலனடக்கத்தையே வழியாகக் காட்டினார். ஒருபால் நாட்டின் பொருளாதாரம், மறுபால் ஒழுக்கம் என வாதம் நடந்த காலம் அது.

அவ்வாதத்திடையே பெரியார் தம் கட்சியைப் பிறர் கட்சியினின்றும் தெளிவாகப் பிரித்து நிறுத்துகிறார். பிறர் கர்ப்பத்தடையை வேண்டுவது பெண்ணின் உடல் நலத்துக்காகவும், பிள்ளைகளின் வலிமைக்காகவும், நாட்டின் வறுமை நீங்கவும், குடும்பச் சொத்துச் சிதறாமல் இருக்கவும் என்று எடுத்துக்காட்டி, தாம் வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காகவே என்கிறார். கருவி ஒன்றே, காரணம் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து கூறியதே இக்கட்டுரையின் தலையாய சிறப்பு என்பது நம் கருத்து. கோப்புகளோடு பழகியோர் இதனை எளிதில் உணர்வர். ஓர் ஆணையில் ‘எதற்காக’ என்று எழுதப்பட்டிருக்கிறதோ, அதுவே ‘யார் முடிவு செய்வது’ என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

பின்வந்த வரலாறு இதனை மெய்ப்பித்தது. 1952இல் தேசியக் குடும்பநலத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவே உலகிற்கு இதில் முன்னோடி. ஆனால் மக்கள்தொகையைக் குறைப்பதே நோக்கமானபோது, எண்ணிக்கை இலக்காயிற்று. நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆடவர்க்குச் செய்யப்பட்டவை. பலர் கட்டாயத்துக்கு ஆளாயினர். அதன்பின் அரசுகள் ஆடவரை விட்டுப் பெண்டிரை நாடின. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆடவர் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடே. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், பள்ளி ஒன்றில் 53 பெண்களுக்கு உரிய வசதிகளின்றி அறுவை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

காரணம் நேரெதிராக மாறினாலும் விளைவு மாறவில்லை என்பதற்கு ருமேனியா சான்று. மக்கட்தொகையைப் பெருக்க விரும்பிய சௌசெஸ்கு அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைப் பொருள்களும் அரிதாயின. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழும்வரை, மறைவான கருக்கலைப்புகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டனர். இங்கே பெறாதே என்றது அரசு. அங்கே பெறு என்றது அரசு. அவளிடம் கேட்காமையில் இரண்டும் ஒன்றே.

எனினும், பெரியார் கட்டுரையில் குறையே இல்லை என்பது திறனாய்வாகாது. இரண்டு குறைகளைச் சுட்டுகிறோம். முதலாவது, உடல் நலம் என்னும் காரணத்தை அவர் பிறர் கட்சியாக ஒதுக்கிவிட்டார். பிலாஸ்பூரில் இறந்த பெண்களை எண்ணுங்கால், பாதுகாப்பான மருத்துவமின்றி விடுதலை என்பது வெறுஞ்சொல் என்பது விளங்கும். 1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடிய ஐ.நா. மாநாடு, மக்கள்தொகை இலக்குகளுக்கு மாறாக, நலத்தையும் உரிமையையும் பிரிக்காமல் ஒருங்கே வைத்தது. இந்திய அரசும் 1996இல் கருத்தடை இலக்கு முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டாவது குறை, பிள்ளைப்பேற்றை அவர் பெரும்பாலும் விலங்காகவே காண்பது. பெற விரும்புகிற பெண்ணுக்கும், விரும்பியும் பெறாத பெண்ணுக்கும் அக்கட்டுரையில் இடமில்லை.

அவ்விடத்தை நிரப்புவது ‘மாதொருபாகன்’. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துத் திருச்செங்கோட்டுப் பகுதியில் வாழும் காளியும் பொன்னாவும் ஒருவரையொருவர் மிக விரும்பும் இணை. குழந்தையில்லாக் குறையொன்றே அவர்களை அரிக்கிறது. ஊரார் சொல்லும் ஏச்சும், விழாக்களில் ஒதுக்கப்படுதலும், நேர்த்திக்கடன்களும் அவளை நாள்தோறும் சுடுகின்றன. தேர்த்திருவிழாவின் ஓரிரவில் குழந்தையில்லாப் பெண் முன்பின் அறியா ஆடவனோடு கூடலாம் என்னும் வழக்கத்திற்கு அவளை அனுப்ப இரு வீட்டாரும் முடிவு செய்கின்றனர். காளி இணங்கவில்லை. அவன் இணங்கிவிட்டதாகப் பொன்னாவிடம் கூறி அழைத்துச் செல்கின்றனர்.

இந்நாவலின் உயிர்நிலை இப்பொய்யில் இருக்கிறது. பொன்னா இசைந்தாள், ஆனால் உண்மையறியாது இசைந்தாள். உண்மை மறைத்துப் பெற்ற இசைவு இசைவாகுமா? அராரியாப் பள்ளியில் படுத்த பெண்களைப் பற்றியும் கேட்க வேண்டிய வினா இதுவே. இந்நாவல் பெரும் பூசலுக்குள்ளாகி, 2015 ஜனவரியில் ஆசிரியர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்ததும், 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. அப்பூசலில் ஊரின் மானம் பேசப்பட்டது. எழுத்தாளன் உரிமை பேசப்பட்டது. பொன்னா ஏமாற்றப்பட்டாள் என்பதைப் பேசினோர் மிகச் சிலர். நாவலிலும் ஒரு குறையுண்டு. காளியின் உள்ளத்துள் நெடுநேரம் நம்மை இருத்தும் ஆசிரியர், பொன்னா தனக்கென விரும்புவது எது, ஊருக்காக விரும்புவது எது என்பதைப் பிரித்தறிய நமக்குப் போதிய இடம் தரவில்லை. இரு நூல்களையும் எழுதியவர் ஆடவர் என்பதும் நினைக்கத்தக்கது.

வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சியால் பயன் யாது எனின், கூறுவோம். மணமாகி ஆறு திங்கள் ஆகுமுன் ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் “விசேஷம் ஏதும் உண்டா?” என்னும் கேள்வி தப்பாமல் வருகிறது. அது மருமகளைத்தான் கேட்கப்படுகிறது. அவள் விருப்பத்தைப் பற்றியதாக அது ஒருபோதும் இருப்பதில்லை. பொன்னாவைச் சுட்ட சொற்களின் தூரத்து உறவே அக்கேள்வி.

சட்டம் நம் வீடுகளைவிடச் சற்று முன்னே நடந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை பயனளிக்காமற்போனதைப் பேசுமிடத்தில் ‘மணமான எந்தப் பெண்ணும் அல்லது அவள் கணவனும்’ என்றது. 2021இன் திருத்தம் அவ்விடத்தில் ‘எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணைவரும்’ என்று மாற்றியது. ஒரு தொடரின் மாற்றமே. ஆயினும் அதனுள் அரை நூற்றாண்டு அடங்கியுள்ளது. பதினெட்டு வயது நிரம்பிய, மனநலமுடைய பெண்ணின் இசைவே அச்சட்டத்திற்குப் போதும். கணவன் கையொப்பத்தை அது கேட்கவில்லை. மருத்துவமனைகள் சில அதனைக் கேட்கும்போது, கேட்க வேண்டுவதில்லை என்று சொல்லும் தெளிவு நம் மகளிர்க்கு வேண்டும். அதே வேளையில், முடிவைப் பெண்ணின் உரிமையாக வைக்காமல் மருத்துவர் கருத்துக்கு உட்பட்டதாகவே இச்சட்டம் இன்றும் வைத்திருக்கிறது. பெற்ற உரிமை பறிபோகவும் கூடும். அமெரிக்காவில் 1973இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூனில் அதே நீதிமன்றம் நீக்கியது.

பேறு என்னும் சொல்லை நாம் விட வேண்டுவதில்லை. பெறுகின்றவள் தெரிந்து, விரும்பி, நலத்தோடு பெற்றாலன்றோ அது பேறாகும்? பெறாமை அவள் முடிவாயின் அதுவும் மதிக்கத்தக்கதே. இந்நோக்கோடு அவ்விரு நூல்களையும் வீட்டில் மகளிரும் ஆடவரும் ஒருங்கே படித்து உரையாட வேண்டுகிறோம். அடுத்த ஆண்டு மலரில் இப்பொருள் பற்றி நம் சங்கத்து மகளிரே எழுத முன்வருவாராயின், நாம் விட்ட குறைகள் அவர் எழுத்தால் நிறைவெய்தும்.