கருங்குறும்பைக்கு எந்தக் கத்தரி?

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் காணப்படும் செம்மறியாட்டினங்களில் ஒன்று கருங்குறும்பை. கால்நடை நூல்களில் அதன் பெயர் ‘திருச்சி கருப்பு’. உடல் முழுக்கக் கறுப்பு. கிடாவுக்குக் கொம்புண்டு, பெட்டைக்கில்லை. மெரினோ ஆட்டின் மென்மையை இதன் ரோமத்தில் தேடக்கூடாது. முரட்டு ரோமம், முரட்டுக் கம்பளிக்குத்தான் ஆகும்.

அதைக் கத்தரிப்பது ஒரு கலை. தோலை இழுத்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டும். விட்ட இடத்தை மறுபடி வெட்டினால் துண்டு ரோமம்தான் மிஞ்சும்.

கைக்கத்தரிக்கு மாற்றாக, ஆஸ்திரேலியாவில் பிரடெரிக் வுல்ஸ்லி 1877-இல் இயந்திரக் கத்தரிக்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் அங்குள்ள டன்லப் பண்ணையில் முழு மந்தைக்கும் இயந்திரமே ஓடியது. இயந்திரத்தின் அடிச்சீப்பு அசையாமல் ரோமத்தைப் பிரிக்கும், மேலே வெட்டுப்பல் இடவலமாக ஓடும். குளம்பை மறைக்கும் ரோமம் தொங்கும் ஷயர் இனக் குதிரையின் காலுக்கும் இதே தத்துவம்தான். அங்கே ரோமத்தில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும் என்பதால் மழிக்கிறார்கள்.

இயந்திரக் கத்தரி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பல்லின் இடைவெளி. அடர்ந்த, முரட்டு ரோமத்தில் நெருக்கமான பல் சிக்கிக்கொள்ளும். காலுக்குக் குறுகிய வெட்டுத்தலை, முதுகுக்கு அகலமானது. விலைச்சீட்டைப் பார்க்கும் முன், சாணை பிடிக்க ஆளும் மாற்றுப் பல்லும் கிடைக்குமா என்று கேட்பது நல்லது! எண்ணெய் விடாமல் ஓட்டினால் பல் சூடேறி ஆட்டைச் சுடும். மண் படிந்த ரோமம் எந்தப் பல்லின் கூர்மையையும் மழுக்கிவிடும்.

நாலைந்து ஆடு உள்ள வீட்டுக்குக் கைக்கத்தரியே போதும். இயந்திரம் பெரிய மந்தைக்குத்தான் கட்டுப்படியாகும்.