துணிவா, விதியா? மூன்றாம் ரிச்சர்டின் உடலும் ஃபிராய்டின் வாசிப்பும்

ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தின் தொடக்கத் தனிமொழி, உடல் வேறுபாட்டையும் கொடுமையையும் இணைத்துப் பேசும் பகுதிகளுள் மிகுதியும் ஆராயப்பெற்ற ஒன்று. சிக்மண்ட் ஃபிராய்டு 1916இல் வெளியிட்ட, குணவகைகள் பற்றிய கட்டுரையில் 'விதிவிலக்கானோர்' என்னும் பிரிவின்கீழ் இதனை எடுத்தாள்கிறார். இயற்கை தனக்கு அநீதி இழைத்துவிட்டது. ஆதலின் பிறரைக் கட்டுப்படுத்தும் அறநெறி தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ரிச்சர்டு கோருவதாக அவர் கொள்கிறார். இத்தகைய மனக்குறை சிறிய அளவில் நம் எல்லாரிடமும் இருப்பதாலேயே அவன்பால் நமக்குப் பரிவு தோன்றுகிறது என்பது அவர் கருத்து. ஊனத்தைத் தீமையின் அடையாளமாகக் கண்ட பழைய நோக்கினின்றும் இது வேறுபட்டது. ஆயினும், ஊனம் தீமைக்குக் காரணம் என்னும் நிலையை இதுவும் கைவிடவில்லை.

இங்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்று நோக்கத்தக்கது. தான் கொடியவனாவதைக் குறிக்க ரிச்சர்டு ஆளும் 'டிடர்மின்ட்' என்னும் சொல் இருபொருள் உடையது: 'நானே துணிந்துவிட்டேன்' என்பது ஒன்று, 'அவ்வாறே விதிக்கப்பட்டேன்' என்பது மற்றொன்று. ஃபிராய்டு மேற்கோளாகக் காட்டுவது ஷ்லேகலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை. அதிலுள்ள 'கெவில்ட்' என்னும் சொல் மனத்துணிவை மட்டுமே குறிக்கும். விதி என்னும் பொருள் அங்கு மறைந்துவிடுகிறது. ஃபிராய்டு ஆங்கிலம் நன்கறிந்தவர். எனவே அவர் கருத்து மொழிபெயர்ப்பிலிருந்தே பிறந்தது எனல் மிகை. ஆனால் அவர் காணும் ரிச்சர்டுக்கு அந்த ஜெர்மன் வாசகம் ஐயமின்றித் துணைநிற்கிறது.

நாடகமோ ரிச்சர்டின் கூற்றையே ஐயுற வைக்கிறது. காதலுக்கு ஏலாத உடல் என்றவன், அடுத்த காட்சியிலேயே, தன்னால் கணவனை இழந்த ஆன் சீமாட்டியைத் தன்பால் இணங்கவைக்கிறான். மூன்றாம் அங்கத்தில் தன் சூம்பிய கையைக் காட்டிச் சூனியம் எனக் குற்றஞ்சாட்டி, ஹேஸ்டிங்ஸின் தலையை வாங்குகிறான். உடல் இங்குக் காரணமன்று, கருவி. தனிமொழியையே பற்றுக்கோடாகக் கொண்ட ஃபிராய்டின் வாசிப்பு இதற்கு இடந்தரவில்லை. 2012இல் லெஸ்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பெற்று, 2013இல் ரிச்சர்டு மன்னனுடையது என அறிவிக்கப்பெற்ற எலும்புக்கூட்டில் முதுகெலும்பின் பக்கவளைவு இருந்தது. சூம்பிய கைக்குச் சான்றில்லை. தமிழில் நாம் கூன் என்று வழங்குவதும் அப்பக்கவளைவை அன்று.

தமிழாக்குவோர் 'துணிந்தேன்' என்றால் ஃபிராய்டின் பக்கம் சாய்வர். 'விதிக்கப்பட்டேன்' என்றால் உடலே தீமையின் முத்திரை என்பார் பக்கம் சாய்வர். 'கொடியவனாவது உறுதி' என்பது போன்ற பெயர்ப்பயனிலைத் தொடர் இரண்டிற்கும் இடமளிக்கும். 'உறுதி' என்பது மனத்திட்பத்தையும் நிச்சயத்தையும் ஒருங்கே சுட்டுவதன்றோ? உடல் வேறுபாடுடைய ஒருவனைக் கொடியவனாக்கியது எது என்னும் வினாவை மூலம் திறந்தே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனை அடைத்துவிடுதல் ஆகாது.